நசுங்காத நாலு எலுமிச்சை

இறந்தவரின் பெயர் கஜேந்திரா. வயது நாலு. பச்சை நிறம், டீசல் இஞ்சின், நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் ஜீப். சாவு நடந்தது வெள்ளிக்கிழமை காலை, மத்திகிரிக்குத் தெற்கே ஒரு தரைப்பாலத்து வெள்ளத்தில் என்று சொன்னார்கள். சனிக்கிழமை பத்து மணிக்கு நாங்கள் உடலைப் பார்க்கப் போனபோது பானெட் மேல் ஒரு ரோஜா மாலை வாடிக் கிடந்தது.

நாங்கள் என்றால் துப்பறியும் ஜெயப்ரியாவும் நானும். மேடம் பதினோரு வருஷம் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதகராக இருந்தவர். வருகிற உருப்படியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து 'ஓகே' அல்லது 'ரிஜெக்ட்' என்று ரப்பர் ஸ்டாம்ப் குத்துவது அவர் வேலை. வேலையை விட்டபோது இரண்டு ஸ்டாம்பையும் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். இப்போது மூக்கண்டப்பள்ளியில் ஒரு பஞ்சர் கடையின் மாடியில் எங்கள் ஆபீஸ். நான் பென்சன், உதவியாளன். கார் ஓட்டுவது, டீ வாங்குவது, மேடம் யோசிக்கும்போது வாயை மூடிக்கொண்டிருப்பது என்று எனக்கு மூன்று வேலை. முதல் இரண்டை ஒழுங்காகச் செய்கிறேன்.

எங்களைக் கூப்பிட்டவர் எல்லப்பன். பன்னிரண்டு ஏக்கர் ரோஜாத் தோட்டம், ஐம்பத்தாறு வயது, நூற்றுப் பத்து கிலோ. கோபம் வந்தால் தெலுங்கில் பேசுவார், ரொம்பக் கோபம் வந்தால் கன்னடத்தில். தமிழில் பேசினால் நிம்மதியாக இருக்கிறார் என்று அர்த்தம். அன்று எங்களை வரவேற்றது கன்னடத்தில்.

காடு மேடு ஏறும் ஜீப்காரர்கள் சேர்ந்து வைத்திருக்கும் சங்கத்துக்கு அவர் துணைத் தலைவர். அந்தப் பதவிக்காகவே ஆறு மாதம் முன்பு கஜேந்திராவுக்கு ஒரு ஸ்நார்க்கல் வைத்தார். பானெட் ஓரத்தில் தொடங்கிக் கூரை வரை ஏறும் கறுப்புக் குழாய் அது. வண்டி தண்ணீருக்குள் இறங்கினாலும் இஞ்சின் மேலேயிருந்து மூச்சு இழுத்துக்கொள்ளும். எல்லப்பன் அதை 'மூக்கு' என்பார். மூக்கு வைத்த நாளிலிருந்து டீக்கடையில், கல்யாணத்தில், ஒரு சாவு வீட்டில்கூட அவர் பேசியது இதை மட்டும்தான். டீசல் வண்டிக்கு ஸ்பார்க் பிளக்கே கிடையாது, தண்ணீர் அதை ஒன்றும் செய்யாது, மூக்கும் வைத்தாகிவிட்டது, இனிமேல் கடலிலேயே இறக்கலாம் என்பார். கஜேந்திரா என்று பேர் வைத்தவருக்கு, அந்த யானைக்குத் தண்ணீரில் என்ன ஆனது என்று யாரும் ஞாபகப்படுத்தவில்லை போலிருக்கிறது.

"கொலைகாரன் யாருன்னு எனக்குத் தெரியும்" என்றார், கன்னடத்திலிருந்து தெலுங்குக்கு இறங்கி, பிறகு எங்களுக்காகத் தமிழுக்கு வந்து. "நீங்க ஆதாரம் மட்டும் குடுத்தாப் போதும்."

அவர் சொன்ன பெயர் மாதேஷ். தோட்டத்து டிரைவர். கஜேந்திராவை ஓட்டத் தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர். ஒருவரான எல்லப்பன் வெள்ளிக்கிழமை காலை பர்கூரில் ஒரு கல்யாணத்தில் இருந்தார். பாக்கி இருப்பவன் மாதேஷ். அன்று அவனுக்கு வார லீவு, தன் அறையில் தூங்கிக்கொண்டிருந்தானாம், சாட்சி கிடையாது. ஏழு வருஷம் காண்டிராக்ட் டிரைவராக ஓடி ஓடி, இப்போதுதான் அவனுக்கு ஒரு தொழிற்சாலையில் பர்மனென்ட் வேலை கிடைத்திருக்கிறது. திங்கட்கிழமை சேர வேண்டும். போலீஸ் சரிபார்ப்புக் காகிதம் இன்னும் ஸ்டேஷனில்தான் இருக்கிறது. போகிற போக்கில் முதலாளி மேல் இருந்த வன்மத்தை வண்டியில் தீர்த்துக்கொண்டான் என்பது எல்லப்பனின் கட்சி. திருட்டுப் புகாரை இரண்டு பக்கத்துக்கு எழுதிச் சட்டைப் பையில் வைத்திருந்தார். சாயங்காலம் ஐந்து மணிக்கு ஸ்டேஷனில் கொடுக்கப் போகிறார்.

அதைக் கொடுத்தால் மாதேஷின் வேலை கைக்கு வராமலே போய்விடும். மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஏழு மணி நேரம் இருந்தது.

பிரேதப் பரிசோதனை செய்துகொண்டிருந்தவர் மெக்கானிக் பொன்னுசாமி. இஞ்சினின் பக்கவாட்டில் முஷ்டி அளவுக்கு ஒரு ஓட்டை, அதற்குள்ளிருந்து பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வெளியே எட்டிப் பார்த்தது. டீசல் இஞ்சின் காற்றை நசுக்கி நசுக்கித்தான் தீப்பிடிக்க வைக்கிறது, காற்று எவ்வளவு வேண்டுமானாலும் நசுங்கும் என்று விளக்கினார்.

"தண்ணி நசுங்காது தம்பி. உள்ள ஒரு டம்ளர் போயிருந்தாலும் பிஸ்டன் மேல வந்து அதுல முட்டும். முட்டினா ராடுதான் முறியும். அதனால தண்ணியில நின்ன வண்டிய ஸ்டார்ட் பண்ணவே கூடாது. கழட்டி, தண்ணிய வெளியேத்திட்டுத்தான் சாவியத் தொடணும்."

"அப்போ ஸ்டார்ட் பண்ணியிருக்காங்க" என்றார் மேடம்.

பொன்னுசாமி ஓரக்கண்ணால் எல்லப்பனைப் பார்த்தார். பிறகு ஸ்பேனரை மிகவும் அக்கறையாகத் துடைக்க ஆரம்பித்தார். தன் வாயைக் கிண்ட வேண்டாம், இந்தத் தோட்டத்தில் தனக்கு மூன்று டிராக்டர் வேலை பாக்கி இருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

மேடம் என்னைப் பானெட் மேல் ஏற்றி மூக்கின் வாயைப் பார்க்கச் சொன்னார். மூக்குக்கு வாய் எங்கே இருக்கும் என்று கேட்டுக்கொண்டே எட்டிப் பார்த்தேன். உள்ளே மண். குளவி கட்டிய மண்கூடு, குழாயை அடைத்துக்கொண்டு நாலைந்து அறைகளோடு, நன்றாகக் காய்ந்து, ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தது. வீட்டுக்காரக் குளவி அப்போதுதான் திரும்பி வந்து என் காது மடலில் உட்கார்ந்தது. நான் மாதாவைக் கூப்பிட்டேன். மேடம் அசையாமல் இரு என்று சொல்லிவிட்டு, என் முகத்தையும் சேர்த்துக் கூட்டைப் போட்டோ எடுத்தார்.

அடுத்தது ஷெட். எல்லப்பன் தொலைக்காட்சியில் துப்பறியும் தொடர் எதையும் விடாதவர். அதனால் வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்கு, சேதி காதுக்கு எட்டியதும் பர்கூரிலிருந்தே போனில் உத்தரவு போட்டு ஷெட்டைப் பூட்ட வைத்து, வந்ததும் ரோஜா கட்டும் சிவப்பு ரிப்பனைச் சுற்றிலும் கட்டியிருந்தார். அதற்குப் பிறகு ஈ காக்கா உள்ளே போகவில்லை. காலியான தரையில் ஒரே ஒரு பொருள் இருந்தது. நீலப் பட்டை வைத்த ரப்பர் செருப்பு, ஆறாம் நம்பர், ஜீப்பின் டிரைவர் கதவு இருந்திருக்க வேண்டிய இடத்துக்குப் பக்கத்தில் ஜோடியாக, ஒழுங்காக விடப்பட்டிருந்தது.

பூப்பறிக்கிற பெண்கள் யாராவது விட்டுவிட்டுப் போயிருப்பார்கள் என்றார் எல்லப்பன். மேடம் ஜீப்பிடம் திரும்பிப் போய் டேஷ்போர்டைப் பார்த்தார். அதில் ஆஞ்சநேயர் படம் ஒட்டி, பொட்டு வைத்திருந்தது. செருப்பைச் செய்தித்தாளில் சுற்றி என்னிடம் கொடுத்தார்.

"சாவி எங்கே இருந்தது?"

"வீட்டுல, ஆணியில. மாட்டின மாதிரியே."

"திருடிட்டுப் போனவன் சாவியக் கொண்டாந்து திரும்ப மாட்டியிருக்கானா?"

"நல்ல வளர்ப்பு" என்றேன் நான். எல்லப்பன் என்னைப் பார்த்துத் தெலுங்கில் ஏதோ சொன்னார். எனக்குத் தெலுங்கு தெரியாது என்பதில் அன்றைக்குச் சந்தோஷம்தான்.

அவர் மனைவி சரோஜம்மாள் காபி கொண்டுவந்தார். சிறிய உருவம், கொஞ்சம் விந்தி விந்தி நடந்தார். காலில் எல்லப்பனின் பத்தாம் நம்பர் செருப்பு, இரண்டு பரிசலில் நிற்பது போலிருந்தது. காலில் முள் என்றார். ரோஜாத் தோட்டத்தில் முள் குத்துவது பெரிய செய்தி இல்லை. மேடம் காபி நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

பன்னிரண்டு மணிக்கு மத்திகிரியில் மாதேஷின் வாடகை அறைக்குப் போனோம். திங்கட்கிழமைக்கான சட்டையை அயர்ன் பண்ணிக்கொண்டிருந்தான். கட்டிலின் மேல் புது ஷூ, பெட்டியோடு. முப்பது வயது ஆள், அந்த ஷூவைப் பார்க்கிற பார்வையைப் பார்த்தால் யாருக்கும் மனசு இளகும். எனக்கு இளகியது, சொல்வதில் வெட்கமில்லை.

"வியாழக்கிழம ராத்திரி வண்டிய ஷெட்டுல உட்டேன், சாவிய ஆணியில மாட்டினேன். அதுக்கு மேல என்னைக் கேக்காதீங்க மேடம்."

"அஞ்சு மணிக்கு உன்மேல புகார் போகுது."

"தெரியுங்க."

"நீ இல்லன்னா வேற யாரோ. யாருன்னும் உனக்குத் தெரியும்."

அவன் காலரை மூன்றாவது தடவை தேய்த்தான். மேடம் எழுந்து வாசல்வரை போய்விட்டார். அப்போதுதான், மனசு கேட்காமல், அவனே ஆரம்பித்தான்.

"இஞ்சின் எப்பிடிங்க உடைஞ்சுது? தண்ணியில நின்னுபோச்சுன்னா சாவியத் தொடவே கூடாது, எடுத்துக்கிட்டு எறங்கிடணும்னு அவ்ளோ தடவ சொல்லிக் குடுத்திருந்தனே."

மேடம் திரும்பினார். "யாருக்குச் சொல்லிக் குடுத்த?"

அயர்ன் பாக்ஸ் காலரின் மேலேயே நின்றுவிட்டது. கருகிய வாடை வந்தது. மாதேஷ் பாக்ஸைத் தூக்கிவிட்டுக் கருகின காலரை நகத்தால் சுரண்டினான். என் சட்டை ஒன்றைத் தருவதாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

தரைப்பாலத்துக்குப் போய்ச் சேரும்போது மணி இரண்டு. மேலே பெய்த மழையில் வெள்ளம் பாலத்தின் மேல் ஓடியது. எங்கிருந்தோ வந்த வெள்ளை நுரை ஆள் உயரத்துக்குப் பொங்கி, காற்றில் பிய்ந்து, ரோட்டோரத்து மாட்டின் முதுகில் உட்கார்ந்தது. மாடு அதைப் பொருட்படுத்தவில்லை. மேடம் ஆழம் பார்க்கச் சொன்னார். இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கினேன். முழங்கால், தொடை, அதற்கடுத்த அடியில் பாலத்து விளிம்பு அரித்துப்போன பள்ளம். மார்புவரை போய்விட்டேன். கால் தரையில் நிற்கவில்லை, தண்ணீர் என்னைத் தூக்கிப் பக்கவாட்டில் தள்ளியது. மேடம் கயிற்றைக் கம்பத்தில் கட்டியிருந்ததால் இந்தக் கதையை எழுதுகிறேன். கரையேறும்போது என் தலையில் நுரை கிரீடம் மாதிரி இருந்ததாம். அதையும் போட்டோ எடுத்திருக்கிறார்.

"இதுக்குள்ள வண்டியே மிதக்கும் பென்சன். உள்ள இருந்த ஆளு பொழச்சதே பெரிசு" என்றார். அவர் குரலில் விளையாட்டு இல்லை.

பிறகு கரையைப் பார்த்தோம். ரோட்டின் மேல் நாலு எலுமிச்சம்பழம் இருந்தன. ஒவ்வொன்றிலும் குங்குமம். நீளம் எட்டடி, அகலம் நாலரை அடி என்று கட்டம் போட்டு வைத்ததுபோல நாலு மூலையில் நாலு. வண்டிக்குத் திருஷ்டி கழிக்க சக்கரத்துக்கு ஒன்றாக வைப்பார்களே, அது. ஆனால் நாலும் முழுசாக இருந்தன.

அங்கிருந்து முப்பதடி மேட்டில் ரோடு முழுக்க எண்ணெய் கொட்டிக் காய்ந்திருந்தது. நடுவில் ஒரு இரும்புத் துண்டு. மேடம் எண்ணெயைப் பார்த்தார், எலுமிச்சையைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார். வரிசையை மாற்றி இன்னொரு தடவை பார்த்தார். கடைசியில் நாலு பழத்தையும் பொறுக்கித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டு, டீ குடிக்கலாம் என்றார். துப்புத் துலங்கினால் மட்டும்தான் அவர் டீ கேட்பார்.

நாலே முக்காலுக்கு எல்லப்பன் வீட்டு வராந்தாவில் எல்லோரும் இருந்தோம். எல்லப்பன் புகாரோடு கிளம்பத் தயாராக நின்றார். மாதேஷை நான் கூட்டி வந்திருந்தேன், என் சட்டையில். பொன்னுசாமி தூண் மறைவில். சரோஜம்மாள் வாசற்படியில்.

மேடம் நாலு எலுமிச்சையையும் மேசைமேல் வைத்தார். எல்லப்பனின் முகம் மாறியது.

"கொலை தண்ணியில நடக்கல" என்றார் மேடம். "தண்ணியில உடைஞ்சிருந்தா எண்ணெய் தண்ணியோட போயிருக்கும். ரோட்டு மேல கொட்டியிருக்கு. வண்டிய வெளிய இழுத்தப்போ இஞ்சின் நின்னுபோயிருந்துச்சு, அவ்வளவுதான். சாகல. கரையில வெச்சு யாரோ அதை ஸ்டார்ட் பண்ணியிருக்காங்க. எலுமிச்சைய வெச்சுட்டு, அது மேல ஏத்தாம ஏன் மேட்டுப் பக்கம் போனீங்க?"

எல்லப்பன் புகாரை மடித்துச் சட்டைப் பையில் செருகினார். பிறகு எல்லப்பன் தெலுங்கில் ஆரம்பித்து, பாதியில் தமிழுக்கு வந்தார். வெள்ளிக்கிழமை மத்தியானம் பர்கூரிலிருந்து வந்து, டிராக்டர் வைத்து இழுத்துக் கரையேற்றியதும் திருஷ்டி கழிக்க, வண்டிக்குப் பக்கத்தில் ரோட்டின் மேல் எலுமிச்சை வைத்தாராம். டிராக்டராலேயே இழுத்து அதன் மேல் ஏற்றிவிடலாம் என்று பொன்னுசாமி சொன்னாராம். எல்லப்பன் ஒத்துக்கொள்ளவில்லை. இழுத்துக்கொண்டு போய் நசுக்கினால் கழிகிறது டிராக்டரின் திருஷ்டிதானே. கஜேந்திரா சொந்தக் காலில் வந்து நசுக்கினால்தான் கஜேந்திராவுக்குக் கணக்கு. பேட்டரி நனைந்து செத்திருந்ததால், முதலில் டிராக்டரில் கட்டி மேட்டுக்கு இழுத்து ஸ்டார்ட் பண்ணி, கம்பீரமாகத் திரும்பி வந்து நசுக்குவதாகத் திட்டம். வேண்டாம் என்று கையைப் பிடித்த பொன்னுசாமியைத் தள்ளிவிட்டு, அவரே ஏறி உட்கார்ந்து, இரண்டாவது கியரைப் போட்டுக் கிளட்சை விட்டிருக்கிறார்.

"டொக்குன்னு ஒரே சத்தம்" என்றார் பொன்னுசாமி தூணுக்குப் பின்னாலிருந்து. "நாப்பது பேரு பாத்தாங்க."

ஆக, கொலைகாரரைக் கண்டுபிடிக்க எங்களைக் கூப்பிட்டவரே கொலைகாரர். நாற்பது சாட்சிகள். இவ்வளவு சுலபமான வழக்கை நாங்கள் பார்த்ததில்லை.

ஆனால் எல்லப்பன் விடவில்லை. இஞ்சினை உடைத்தது தானாகவே இருக்கட்டும், வண்டியைத் திருடித் தண்ணீரில் இறக்கியவன் மாதேஷ்தானே என்று கேட்டுவிட்டுப் புகாரை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். மாதேஷ் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். 

மேடம் என்னைப் பார்த்தார். நான் செய்தித்தாளைப் பிரித்து, நீலப் பட்டைச் செருப்பைப் படியின் கீழே வைத்தேன்.

"இது ஷெட்டுல கெடந்துச்சு. யாரோடதுன்னு நான் சொல்லப் போறதில்ல" என்றார் மேடம். "சாமி படம் இருக்கிற வண்டியில செருப்போட ஏறக்கூடாதுன்னு நெனைக்கிறவங்க யாரோ."

சரோஜம்மாள் பத்தாம் நம்பர் செருப்பைக் கழற்றிவிட்டு மெதுவாகப் படியிறங்கி வந்தார். வந்து, எல்லோரும் பார்க்க, நீலச் செருப்பில் காலை நுழைத்துக்கொண்டார். அளவு கச்சிதம்.

"லைசென்ஸ் டெஸ்ட்டுங்க" என்றார் கணவரிடம். இடுப்பிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தார். உள்ளே பழகுநர் உரிமம். "ராயக்கோட்டைக்கு அக்காவப் பாக்கப் போகணும்னாக்கூட உங்களக் கேக்க வேண்டியிருக்கு. மூணு மாசமா மாதேஷ்தான் சொல்லிக் குடுத்தான். நேத்து தரைப்பாலத்துல தண்ணி, பஸ் வரல. மாதேஷுக்கு லீவு, போன் பண்ணினேன், தண்ணியில எறக்காதீங்கம்மான்னு சொன்னான். நான் கேக்கல. தனியா போனேன். எம்பேரு வெளிய வரக்கூடாதுன்னுதான் இவன் வாயத் தொறக்கல. நீங்க அந்தப் பேப்பரோட படிய எறங்கினா நானே சொல்லிடணும்னுதான் இங்கயே நிக்கிறேன்."

"தண்ணிய நீ பாக்கலியா சரோஜா? அவ்ளோ தண்ணி."

"பாத்தேன். கடல்லயே எறக்கலாம்னு நீங்கதான சொன்னீங்க." அவர் குரல் உயரவில்லை. "ஊருல எல்லாரும் நீங்க அந்தப் பக்கம் போனதும் சிரிப்பாங்க. நீங்க சொன்னத நெசம்னு நம்பின ஒரே ஆளு நான்தாங்க."

மேடம் போனை எடுத்துக் குளவிக்கூடு போட்டோவை எல்லப்பனிடம் காட்டினார். என் முகமும் அதில் இருந்தது, அது தேவையில்லை. இந்தக் குழாய் வழியாக இஞ்சின் ஒரு நாள் மூச்சு இழுத்திருந்தாலும் இந்தக் கூடு உள்ளே போய் அடைத்திருக்கும், இது மாசக்கணக்காக அசையாமல் இருக்கிறது என்றார். எல்லப்பன் போட்டோவைப் பார்க்கவே இல்லை. அவருக்கு அது தெரிந்த விஷயம்.

"ஆசையா வாங்கின வண்டி" என்றார் தரையைப் பார்த்து. "ஓட்டை போட மனசு வரல. மேலாப்புல ஒட்டி ரெண்டு ஸ்குரு மட்டும் போட்டேன்."

குழாய் இஞ்சினோடு சேரவே இல்லை. மூக்குக்கு மூச்சே கிடையாது. அதை நம்பித்தான் இந்த அம்மாள் வெள்ளத்தில் இறங்கியிருக்கிறார். எனக்கு நான் நின்ற பள்ளம் ஞாபகம் வந்தது. காலையிலிருந்து இருந்த சிரிப்பு போய்விட்டது.

எல்லப்பன் ஒன்றே ஒன்று கேட்டார்.

"கதவு தொறந்துச்சா?"

"இல்ல. தண்ணி வெளியிலருந்து அமுக்கிச்சு. வண்டி லேசா மிதந்து ஓரமாப் போச்சு. கண்ணாடி வழியா வந்தேன். கம்பத்தப் புடிச்சுக்கிட்டேன்."

அவர் படியில் உட்கார்ந்தார். வாயைத் திறந்தார். தெலுங்கு வரவில்லை, கன்னடம் வரவில்லை, தமிழும் வரவில்லை. மேடம் அவர் கையிலிருந்த புகாரை மெதுவாக உருவி, இரண்டு பக்கத்திலும் சிவப்பில் 'ரிஜெக்ட்' குத்தி மாதேஷிடம் கொடுத்தார். அவன் அதை நாலாக மடித்து என் சட்டையின் பையில் வைத்துக்கொண்டான். இன்றுவரை சட்டை திரும்பி வரவில்லை. திங்கட்கிழமை அதைப் போட்டுக்கொண்டுதான் வேலையில் சேர்ந்தான், அதனால் நானும் கேட்கவில்லை.

எல்லப்பன் எழுந்து மேசைக்குப் போனார். நாலு எலுமிச்சையையும் அள்ளிக்கொண்டு வந்தார். மனைவியைக் கிழக்கே பார்த்து நிற்க வைத்தார். தலையைச் சுற்றி வலமாக மூன்று தடவை, இடமாக மூன்று தடவை சுற்றினார். பிறகு பழங்களை வாசலில் வரிசையாக வைத்து, செருப்பைக் கழற்றிவிட்டு, நூற்றுப் பத்து கிலோவோடு ஒவ்வொன்றாக ஏறி மிதித்தார். ஒன்று வழுக்கி என் காலடிக்கு உருண்டு வந்தது. அதை எடுத்து அவரிடமே கொடுத்தேன்.

நாலும் நசுங்கின.